கிணற்றைப் பங்கு வைத்த ஊர் வெயிலையும் பங்கு வைக்கும்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் வலிகாமத்தில் ஒரு சிறிய சனசமூக நிலையத்தின் செயலாளர். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் நிலையத்துக்குக் காலையில் பேப்பர் பார்க்க ஏழெட்டுப் பேர் வருவார்கள். பின்னேரம் பிள்ளைகளுக்கு ரியூசன் நடக்கும். இதைத் தவிர எனக்கு வேறு பதவி இல்லை. ஒரு சுவிச்சு கண்ணை உறுத்தியதால், ஒரு கூரையின் சோலார் மின்சாரத்தை ஊரவர் பங்கு போட்டுக்கொள்ள ஒரு விதி வேண்டும் என்று, மின்துறையை ஒழுங்குபடுத்தும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டு. மின்சாரப் பாவனை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், ஆகவே கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வையுங்கள் என்று நாடு முழுவதற்கும் வேண்டுகோள் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் மடத்தின் கூரையில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்துப் போட்டுத் தந்தது. கேட்டதைச் செய்வோம் என்று கோயில் நிர்வாகம் முடிவெடுத்தது. ஒரு பொடியன் வாங்கில் ஏறி, சோலார் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டருக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த சிவப்பு நிறத் திருகு சுவிச்சை அணைத்தான். இன்வேட்டரின் பச்சை வெளிச்சம் போனது. நேரம் நண்பகல். கோயில் வீதி மணலில் வெறுங்கால் வைக்க முடியாத சூடு.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அப்போது தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் தையல் மெசின். ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை இரண்டுக்கும் எங்கள் மடத்துக் கூரையிலிருந்து கரண்ட் போயிருக்கும். இனி அது நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரியிலிருந்தோ வேறெங்கிருந்தோ வரவேண்டும்.

அன்று இரவு கோயிலில் திருவிழா. சோடனை லைற்றுக்கும் நாதஸ்வரக்காரரின் மைக்குக்கும் வாடகைக்கு ஜெனரேற்றர் எடுத்தோம். தெற்கு வீதி முழுக்க டீசல் மணம். பகலில் வெயிலை அணைத்துவிட்டு இரவில் டீசல் எரித்திருக்கிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு கணக்கை எழுதிக் கொண்டு வந்திருந்தால் பிழை போட்டு அனுப்பியிருப்பேன்.

அந்த வேண்டுகோள் விடுத்தவர்களிலும் எனக்குக் குறை இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணி தாண்டியதும் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது உங்களுக்கு மறந்திருக்காது. பாணந்துறை உபமின் நிலையத்தில் பாய்ந்த ஒரு குரங்கின் தலையில் பழி விழுந்தது. குரங்கை வைத்து நாடே சிரித்து முடித்த பிறகுதான் மற்றக் காரணம் பேச்சுக்கு வந்தது. ஞாயிறு பகலில் பாவனை குறைவு. கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரத்தின் பங்கோ அதிகம். சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் பலம் அந்த நேரத்தில் மின்வலையிடம் இருக்கவில்லை.

என் வயதுக்காரருக்கு இதை விளங்கிக்கொள்ளப் பாடப் புத்தகம் தேவையில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் கொப்பி திருத்தியவன் நான். வானொலிக்குப் பற்றரி கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, மிதியைக் கையால் சுற்றிச் செய்தி கேட்போம். சுற்றுகிற ஆள் களைத்துக் கையை எடுத்தாலும் சில்லு உடனே நிற்காது. தன்பாட்டில் கொஞ்சம் ஓடும். செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபட்டு இழுபட்டு இன்னும் இரண்டு சொல் சொல்லிவிட்டுத்தான் அடங்கும். நீர்மின், அனல்மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் நாட்டுக்குச் செய்து தருவது அந்த இரண்டு சொல் நேரத்தைத்தான். சோலார் தகட்டில் அப்படிச் சில்லு எதுவும் இல்லை. பற்றரியையும் தகுந்த இன்வேட்டரையும் வைத்தால் சில்லு செய்கிற வேலையில் ஒரு பங்கைச் செய்விக்கலாம், ஆனால் அது சும்மா வராது.

ஆகவே மிஞ்சுகிற மின்சாரம் பெரிய வலையில் போய் முட்டக்கூடாது என்பது எனக்கு விளங்குகிறது. அது எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போகவேண்டிய தேவைதான் விளங்கவில்லை.

உங்கள் பொறியியலாளர் ஒருவர் இந்த இடத்தில் சிரிப்பார் என்று தெரியும். மின்சாரம் இப்போதும் ஒழுங்கையைத் தாண்டுவதில்லையே மாஸ்டர், கிட்ட இருக்கிற வீட்டுக்குத்தானே போகிறது என்பார். சரி, போகிறது. பௌதிகவியல் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கணக்குத்தான் கொழும்புக்குப் போய்த் திரும்பி வருகிறது. மடத்துக் கூரையில் விளைந்த மின் அலகு (யுனிற்) மடத்தின் மின்கட்டணப் பட்டியலில் ஒரு விலைக்கு விற்ற அலகாகப் பதிவாகும். மதிலுக்கு அப்பால் அதே அலகு வேறு விலைக்கு வாங்கிய அலகாகப் பதிவாகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மதியம் மோட்டர் போட்டாலும் ஒன்றுதான், இரவு எட்டு மணிக்குப் போட்டாலும் ஒன்றுதான். மதிய அலகில் தனக்கு ஒரு பங்கு உண்டு, அது மலிவு என்று பட்டியலில் கண்டால் அவர் மதியம் போடுவார். வெங்காயத் தோட்டத்து இறைப்பும் கொஞ்சம் நேரம் மாறும். யாரும் வாங்கில் ஏறிச் சுவிச்சைத் திருக வேண்டியிருக்காது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரம் ஒன்றை வாசித்திருந்தால் ஒரு வரி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இன்ன திசையிலுள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் என்று இருக்கும். வற்றாத ஆறு இல்லாத மண் இது. சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது எல்லாக் குடும்பத்துக்கும் தனியே இயலாது. நாலு குடும்பம் சேர்ந்து வெட்டினால் நாலு பங்கு, நாலு இறைப்பு முறை. இன்று இவருக்கு, நாளை அவருக்கு. மகளுக்குச் சீதனம் எழுதும்போது அந்தப் பங்கும் பிரியும். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று போகும். என் தாயாரின் உறுதியில் இருந்த பங்கைக் கணித்துப் பார்த்தால் கிழமையில் சில மணித்தியாலம் வந்தது. அந்தச் சில மணித்தியாலத்தை வைத்துப் புகையிலை செய்து என்னைப் படிப்பித்தார்கள். சண்டை வரவில்லையா? வந்தது. வாய்க்கால் தகராறு நீதிமன்றம் வரைக்கும் போன கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அதற்காக யாரும் பங்குக் கிணற்றைத் தூர்க்கவில்லை.

கிணறும் மின்சாரமும் எங்கள் பகுதியில் முன்பும் ஒருமுறை சந்தித்திருக்கின்றன, நல்ல விதமாக அல்ல. சுன்னாகத்து டீசல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. குடிதண்ணீரை பவுசரில் கொண்டுவந்து ஊற்றினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. டீசல் மின்சாரத்தின் விலையை நாங்கள் ரூபாயில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அது தெரிந்திருந்தால் மேலே திருவிழா இரவைப் பற்றி நான் எழுதியது ஏன் என்று விளங்கும்.

இப்போது இருக்கிற முறைகளைப் பார்ப்போம். 2010 அளவில் நெற் மீற்றரிங் வந்தது. கூரையிலிருந்து வலைக்குக் கொடுத்த அலகைப் பாவித்த அலகில் கழிக்கும் முறை அது. 2016இல் ‘சூரியபல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டத்தோடு, மிஞ்சியதற்குக் காசு தரும் நெற் எக்கவுண்டிங், விளைந்தது முழுவதையும் விற்கும் நெற் பிளஸ் என்று சேர்ந்தன. விற்கும் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்றார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, வசதி இருந்தவர் எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த நெருக்கடிக்குப் பிறகு விலை 37 ரூபாவுக்கு ஏறியது. பிறகு 27 ஆனது. 2025இல் 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட கூரைக்கு 20 ரூபா 90 சதத்துக்கு வந்து நின்றது. ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு கூரை, ஒரு மீற்றர், ஒரு கணக்கு. சொந்தக் கூரையும் கையில் காசும் உள்ளவருக்குத்தான் சூரியன். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் தகரக் கொட்டிலில் இருப்பவருக்கும் மாமர நிழலில் வீடு கட்டியவருக்கும் அது வெறும் வெயில்.

நிலையத்துக்கு எதிர்வீட்டு அக்கா தையல் வேலை செய்கிறவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசி வாரம் வந்தால் காலையில் முற்றம் கூட்டி முடித்ததும் முதல் வேலையாக மீற்றரை எட்டிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டதற்குச் சொன்னார்: “மாஸ்டர், அறுபதைத் தாண்டினால் முதலாம் யுனிற்றிலை இருந்தே விலை மாறுது. மிக்ஸியைக்கூடப் பயந்து பயந்துதான் போடுறன்.” அவர் சொன்னது சரி. மாதம் 60 அலகுக்கு உள்ளே நின்றால் ஒரு விலைப்படி. ஓர் அலகு கூடினாலும் முழுப் பட்டியலும் வேறு படியில் ஏறிவிடும். நிலையான கட்டணமும் கூடும். அவருக்கு மாதம் 80, 85 வருகிறது. தையல் மெசினில் மோட்டர் பூட்டிய பிறகு குறைக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 அலகு தரும். நிலையத்துக் கூரையில் 10 கிலோவாட் போட்டால் 40 அலகு. 40 குடும்பம் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தால் வீட்டுக்கு நாளுக்கு ஓர் அலகு, மாதம் 30. அக்காவின் 85, 55 ஆகிவிடும். இவ்வளவுதான் கணக்கு. பங்குக்குரிய காசை ஒரேயடியாகக் கொடுக்க முடியாதவர் மாதம் மாதம் சீட்டுக் கட்டுவது போலக் கட்டலாம். சீட்டு நடத்துவதில் எங்கள் பெண்களுக்கு எந்த வங்கியும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதில் உங்களுக்கு இடிக்கிற இடம் எது என்றும் தெரியும். 60க்குக் கீழே உள்ளவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதற்கான காசு மேலே உள்ளவர்களிடமிருந்து வருகிறது. மேலே உள்ளவர்கள் எல்லாரும் பங்கு வாங்கிக் கீழே இறங்கிவிட்டால் அந்தக் காசுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. அப்படியானால் படியை மொத்தப் பாவனையை வைத்தே கணியுங்கள், பங்கு அலகுக்குத் தனியாக ஒரு கழிவு தாருங்கள். அக்காவுக்கு லாபம் குறையும், ஆனாலும் ஏதாவது மிஞ்சும். அல்லது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் முதலில் திறந்து விடுங்கள். பேசித் தீர்க்கலாம். பேசுவதற்கு ஒரு விதி வேண்டும், அதுதான் இல்லை.

அடுத்து ட்ரான்ஸ்போமர். ஒரு ட்ரான்ஸ்போமரின் கீழ் இவ்வளவு சோலார்தான் இணைக்கலாம் என்று எல்லை உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் எங்கள் திட்டம் செத்தது இங்கேதான். 2024இல் எங்கள் பழைய மாணவர் ஒருவர் காசு தர முன்வந்தார். நிலையத்துக் கூரைக்கு 10 கிலோவாட் கேட்டு விண்ணப்பம் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, உங்கடை சந்தி ட்ரான்ஸ்போமரிலை இடம் முடிஞ்சுது. மேலை கேட்டுப் பாருங்கோ.” மேலே கேட்டோம். அங்கேயும் இடம் முடிந்திருந்தது. விசாரித்துப் பார்த்தால் சந்திக்குக் கிட்ட இரண்டு பெரிய மாடி வீடுகள், இரண்டிலும் கூரை நிறையத் தகடு. முந்தி வந்தவர்கள் முழு இடத்தையும் பிடித்துவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் அந்த ட்ரான்ஸ்போமர் பொதுக் காசில் வைத்தது. அதன் கீழ் இருக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் உரியது. பங்குக் கிணற்றில் இரண்டு பேர் நாள் முழுக்க இறைக்க, மற்றவர்கள் வாளியோடு கரையில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ட்ரான்ஸ்போமருக்கு எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் லைனில் வோல்ற்றளவு ஏறும், இன்வேட்டர்கள் ஒவ்வொன்றாக விழும். ஆனால் அந்த எல்லையை எதை வைத்து அளக்கிறீர்கள்? பூட்டிய சோலாரின் முழு அளவை வைத்து. நாற்பது குடும்பம் சேர்ந்த ஒரு குழு, பற்றரி ஒன்றை வைத்து, மதிய மின்சாரத்தைத் தங்களுக்குள்ளேயே செலவழித்து, 10 கிலோவாட்டில் இரண்டை மட்டுமே வெளியே விடுவோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் குழு பிடிக்கும் இடம் பத்தா, இரண்டா? வெளியே விடுவதை இரண்டுக்கு மேல் போகாமல் இன்வேட்டரிலேயே பூட்டி வைக்கலாம். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. எந்த ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்ற பட்டியலை ஊருக்குத் தெரிய ஒட்டிவிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். ரேசன் கடையில் அந்தக் காலத்தில் ஒட்டினார்கள்.

பற்றரி என்று சொன்னதும் விலையைக் கேட்பீர்கள். விலை கூடத்தான். ஒரு வீட்டுக்குக் கூட, நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் அப்படி இல்லை. உச்சப் பாவனை நேரம் பின்னேரம் 6.30இலிருந்து இரவு 10.30 வரை என்று நீங்களே வகுத்திருக்கிறீர்கள். அந்த நாலு மணித்தியாலத்தில்தான் நாட்டில் விலை கூடிய எண்ணெய் கூடுதலாக எரிகிறது. பற்றரியில் சேர்த்து இரவு உச்ச நேரத்தில் தருபவர்களுக்குத் தனி விலை என்று 2025இல் பேச்சு எழுந்தபோது சந்தோசப்பட்டேன். அந்த விலை குழுக்களுக்கும் உண்டா என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இந்த நாட்டில் இது நடக்காது என்று யாராவது சொன்னால், நடந்திருக்கிறது என்று சொல்வேன். 1990களிலிருந்து சபரகமுவவிலும் மலைநாட்டிலும் கிராமத்து ஓடைகளை மறித்து, இருநூறுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு நீர்மின் நிலையங்களை ஊர்ச் சனங்களே கட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்நுகர்வோர் சங்கம். வாய்க்காலைச் சிரமதானத்தில் வெட்டினார்கள். வீட்டுக்கு இத்தனை வாட் என்று பங்கு வைத்தார்கள். மாதக் காசு சேர்த்தார்கள், திருத்த வேலைக்கு ஊரிலேயே ஒருவரைப் பழக்கினார்கள். உலக வங்கியின் கடன் திட்டம் ஒன்றும் கைகொடுத்தது. பிறகு தேசிய மின்கம்பி அந்த ஊர்களுக்கு வந்தது. நல்ல விஷயம்தான், 2016 அளவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் மின்சாரம் போய்விட்டது. கம்பி வந்ததும் சங்கங்களில் பெரும்பாலானவை கலைந்தன. சுழலிகள் துருப்பிடித்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய சில சங்கங்களுக்குத்தான் தங்கள் மின்சாரத்தைத் தேசிய வலைக்கு விற்க வழி கிடைத்தது. சங்கம் ஒன்று மின் உற்பத்தியாளராகவும் நுகர்வோராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அப்போதே ஒரு விதி எழுதியிருந்தால், மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களில் போய் நாங்கள் இன்றைக்குப் படித்துவிட்டு வந்திருப்போம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றிரண்டு மட்டும். பங்களாதேசத்தில் சின்னச் சோலார் வைத்திருந்த கிராமத்து வீடுகளைக் கம்பியால் இணைத்து, மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கு விற்கவைக்கும் வேலையை சோல்ஷெயார் என்ற நிறுவனம் 2015 அளவிலேயே தொடங்கிவிட்டது. டெல்லியில் 2019இலிருந்து ஓரிடத்துச் சோலாரைப் பலருடைய பட்டியலில் பிரித்துக் கழிக்க விதி இருக்கிறது. ஸ்பெயினில் அதே 2019இல் 500 மீற்றர் தூரத்துக்குள் பங்கு போடலாம் என்று சட்டம் வந்தது. பிறகு கூரைச் சோலாருக்கு அதை 2 கிலோமீற்றர் ஆக்கினார்கள். எங்கள் ஊரில் 2 கிலோமீற்றர் என்றால் மூன்று கோயில், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் உள்ளே வந்துவிடும்.

கோயில் என்றதும் இன்னொன்று. இந்தியாவின் உதவியில் நாடு முழுவதும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கு 5 கிலோவாட் வீதம் சோலார் கொடுத்திருக்கிறார்கள், எல்லாச் சமயத்துக்கும். மொத்தம் 25 மெகாவாட். நல்ல காரியம். ஆனால் ஒரு சின்னக் கோயிலுக்கு வருடத்தில் திருவிழா நாட்களை விட்டால் என்ன செலவு? மூலஸ்தானத்தில் ஒரு பல்ப், வசந்த மண்டபத்தில் இரண்டு, ஐயர் வீட்டில் ஒரு மின்விசிறி. மிச்சம் எல்லாம் வெளியேதான் போகிறது. நெல்லை அளந்து கொடுத்தது போல அதைக் கோயிலடி வீடுகளுக்கு அளந்து கொடுக்க விட்டால் தெய்வம் கோபிக்காது. பிறகு, பூட்டிக் கிடக்கும் வீடுகள். எங்கள் ஒழுங்கையிலேயே ஐந்து. சொந்தக்காரர் லண்டனில், ரொறன்ரோவில். நல்ல ஓட்டுக் கூரை, வெயில் தாராளம், உள்ளே ஒரு பல்ப் எரிவதில்லை. கூரையைக் குழுவுக்குத் தாருங்கள் என்று கேட்டால் அவர்களில் மூன்று பேர் ஓம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் பதில் போடவில்லை, வழக்கம்போல.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. கோயில் நிர்வாகச் சண்டை எத்தனை வருடம் வழக்கில் இழுபடும் என்பதை யாழ்ப்பாணத்து நீதிபதிகளிடம் கேளுங்கள். சங்கம் என்று வைத்தால் தலைவர் பதவிக்குப் போட்டி வரும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் சாதி எட்டிப் பார்க்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கிணற்றுக் கட்டில் யார் கால் வைக்கலாம் என்று வரம்பு போட்ட ஊர்களும் இவைதான். ஆகவே விதியிலேயே எழுதுங்கள்: ட்ரான்ஸ்போமரின் கீழ் இருக்கிற யார் கேட்டாலும் பங்கு மறுக்க முடியாது, ஒருவருக்கு இத்தனை பங்குக்கு மேல் இல்லை, கணக்குப் புத்தகம் வருடத்துக்கு ஒருமுறை கூட்டுறவுத் திணைக்களத்தின் பரிசோதனைக்குப் போகவேண்டும். கூட்டுறவு எங்களுக்குப் புதிதல்ல. 1930களில் மூளாயில் ஊர்ச் சனம் கூட்டுறவாகவே ஓர் ஆஸ்பத்திரி கட்டி நடத்தியது. அதே ஆட்களின் பேரப்பிள்ளைகளால் கூரைத் தகடுகளைத் துடைத்துக் கணக்கு வைக்க முடியாதா?

கம்பிக்கான கூலியும் தருவோம். பொது மின்வலையின் கம்பத்திலும் கம்பியிலும்தானே எங்கள் பங்கு ஓடப்போகிறது. அது சும்மா நிற்பதில்லை, லைன்மன் ஏறவேண்டும், மரக்கிளை வெட்டவேண்டும். ஆனால் ஒழுங்கைக்குள் நூறு மீற்றர் ஓடும் அலகுக்கும் லக்சபான நீர்மின் நிலையத்திலிருந்து மலை இறங்கி வரும் அலகுக்கும் ஒரே கூலி கேட்பது நியாயமா? பக்கத்துச் சந்தைக்குப் போகிறவரிடம் கொழும்பு பஸ் ரிக்கற் கேட்பது போல ஆகும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கின்றன. உற்பத்தி ஒருவருக்கு, கடத்தல் ஒருவருக்கு, விநியோகம் ஒருவருக்கு. யாருக்கு எவ்வளவு கூலி என்பதை எப்படியும் புதிதாக எழுதத்தான் போகிறீர்கள். அந்தப் பத்திரத்தில் குழுவுக்கும் ஒரு நிரல் வையுங்கள்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் காற்று, சூரியன், பற்றரி, டீசல் நாலையும் சேர்த்துக் கலப்பு மின் நிலையங்களுக்கு இந்தியா 1 கோடியே 10 லட்சம் டொலர் கொடை தருகிறது. அங்கே தீவுச் சனத்துக்கு மின்சாரத்தில் மட்டுமா பங்கு, நிர்வாகத்திலும் உண்டா என்று கேட்கவும் இதுதான் நேரம். மன்னாரில் 2025இல் காற்றாலைக்கு எதிராகச் சனம் வீதிக்கு இறங்கியதற்குப் பல காரணங்கள். வெள்ளம், பறவைகள், மீன்பிடி என்று நீளும். தலைக்கு மேலே சுற்றுகிற ஒன்றில் தனக்கு ஒரு பங்கும் இல்லை என்ற கோபமும் அதில் ஒன்று என்று நினைக்கிறேன்.

நாங்கள் கேட்பது இரண்டு வருடப் பரீட்சார்த்தம். ஒரே ஒரு ட்ரான்ஸ்போமரின் கீழ், விருப்பம் தெரிவித்த வீடுகளுக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பதியும் மீற்றர் பூட்ட அனுமதி. பட்டியலில் பங்கைக் கழிக்க ஒரு வரி. வடக்கில் ஓர் ஊர், தெற்கில் ஓர் ஊர் என்று வைத்தாலும் நல்லது. எங்கள் நிலையத்தில் பெயர் கொடுத்தவர்கள் இதுவரை 31 குடும்பம். அதில் 9 குடும்பம் வாடகை வீடு. கூரையை அளந்து வைத்திருக்கிறோம். பழைய மாணவரும் இன்னும் மனம் மாறவில்லை, ஆனால் மாதம் ஒருமுறை வட்ஸ்அப்பில் “என்ன மாஸ்டர், நடக்குமா?” என்று கேட்கிறார்.

எழுத்தில் பதில் தருவதற்கு முன் ஒருவரை இங்கே அனுப்ப முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அனுப்புங்கள். பாவனை குறைந்த நாள், குறைந்த நேரம், நீங்கள் பயப்படுகிற நேரமும் அதுதான். நிலையத்தில் ஒரேயொரு மின்விசிறிதான், அதை வருகிறவருக்குத் திருப்பி விடுவோம். மடத்துச் சுவரில் அந்தச் சிவப்புச் சுவிச்சைக் காட்டுவோம். பிறகு எதிர்வீட்டுக்குப் போவோம். மீற்றர் வாசல் சுவரில்தான் இருக்கிறது. அறுபதுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்பதை அக்காவே சொல்லுவார்.

இப்படிக்கு,
சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.